கண்ணொளி தந்த தமையனார்

(ரிங்லெட் பொது மண்டபத்தில் நடைபெற்ற கண் பரிசோதனை நாளன்று, தகவல் அதிகாரி ஒருவர் தோட்ட மக்கள் முன்னிலையில் ஆற்றிய உரை.)



இன்று காலை தாப்பாவிலிருந்து மலைப்பாதையில் ஏறி வந்துகொண்டிருந்தபோது வழி நெடுகிலும் பனிமூட்டம் சூழ்ந்திருந்தது. வாகனமோட்டி விளக்கை எரியவிட்டு, ஒவ்வொரு வளைவிலும் ஒலி எழுப்பி, மெல்ல மெல்ல ஓட்டி வந்தார். ரிங்லெட்டை அடைந்து தேநீர் அருந்தி முடிப்பதற்குள் வெயில் எழுந்தது, மூட்டம் கலைந்தது, ஏரியும், எதிர்ச் சரிவின் தேயிலைப் பசுமையும் கண்ணுக்குப் புலனாயின. இங்கு வாழும் உங்களுக்கு இது புதுமையன்று. காலையில் மூடுவதும் முற்பகலில் விலகுவதும் நீங்கள் நாள்தோறும் காண்பதே.

ஆனால் எந்த வெயிலுக்கும் விலகாத மூட்டம் ஒன்று உண்டு. அது கண்ணுக்குள்ளே படிவது. அதனைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுமாறு என்னைப் பணித்திருக்கின்றார்கள். நான் மருத்துவன் அல்லன். ஆசிரியர் பயிற்சி பெற்று, சில ஆண்டுகள் வகுப்பறையில் நின்று, பின்னர் தகவல் துறைக்கு வந்தவன். ஆகவே நோயைப் பற்றிய விளக்கத்தைத் தாதியாரிடமே விட்டுவிட்டு, ஒரு குடும்பத்தின் மூத்த பிள்ளையைப் பற்றி உங்களிடம் சொல்ல விழைகின்றேன். அதற்கு முன்னர் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல நீங்கள் இசைவு தரவேண்டும்.

நான் பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தவன். என் தந்தையாரைப் பெற்ற பாட்டியார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். விடியாத இருளில் நெற்றிவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவார். மரம் வெட்டுவது எத்துணை நுட்பமான வேலை என்பதை, ரப்பர் தோட்டங்களிலிருந்து இம்மலைக்கு வந்தவர்களும், இவ்வுரையைப் பின்னர் ஏட்டில் படிக்கப்போகும் பால்வெட்டுத் தோழர்களும் நன்கு அறிவார்கள். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். பால் ஓடும் உட்பட்டை வரை உளி போக வேண்டும். அதனையும் கடந்து மரத்தைத் தொட்டுவிடலாகாது. தொட்டுவிட்டால் காயம், பின்னர் அவ்விடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மறுமுறை அதில் உளி ஓடாது.

பாட்டியார் கைநேர்த்திக்குப் பெயர் பெற்றவராம். அத்தகையவருடைய மரங்களில் ஒரு கட்டத்தில் காயம் விழத் தொடங்கியது. முதலில் ஒன்றிரண்டு மரங்களில். பிறகு நிரை முழுவதிலும். தண்டல் கடிந்துகொண்டார். வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது என்று வீட்டில் உள்ளோர் எண்ணிக்கொண்டனர். அவரைப் பால்வெட்டிலிருந்து நீக்கிப் புல்வெட்டும் வெளிக்காட்டு வேலைக்கு மாற்றினார்கள். அவர் கை நடுங்கவே இல்லை, கண்தான் மறைத்தது. அதனை மரங்கள் முதலில் எழுதிக் காட்டின. படித்துச் சொல்லத்தான் எங்கள் லயத்தில் ஒருவரும் இல்லை.

நான் பிறந்தபோது அவர் கண்களுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டுமே தெரிந்தன. என்னை அவர் அறிந்துகொண்டது கையால். முகத்தைத் தடவிப் பார்த்து, "அப்பன் மூக்குதான்" என்பார். மாலை வேளையில் அவர் கையைப் பற்றி லயத்துக் கோடியில் இருந்த கோயிலுக்கு அழைத்துச் செல்வது என் வேலை. எத்தனை படி, எங்கே கால்வாய், எங்கே கல் என்று சொல்லிக்கொண்டே நடப்பேன். சிறுவனாகிய எனக்கு அது பெருமையாகவும் இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். நான் ஐந்தாம் வகுப்பில் பயின்றபோது அவர் காலமானார்.

பல ஆண்டுகள் கழித்து, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சுகாதாரக் கல்விப் பாடநூல் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு கண்ணின் படம் இருந்தது. கருமணியின் நடுவே சாம்பல் வெண்மை. பாட்டியாரின் கண்ணை அப்படியே எடுத்து அச்சிட்டதுபோல இருந்தது. படத்தின் கீழே, இது கண்புரை என்றும், அறுவைச் சிகிச்சையால் பார்வையை மீண்டும் பெறலாம் என்றும் எழுதியிருந்தது. அன்று அந்தப் பக்கத்திற்கு மேல் நான் படிக்கவில்லை.

யாரையும் குறைகூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. மருத்துவமனை தொலைவில் இருந்தது. அழைத்துச் செல்பவருக்கு ஒரு நாட்கூலி போகும். கண்ணில் பூ விழுவது முதுமையின் வழக்கம் என்று எல்லாரும் நம்பினார்கள், பாட்டியாரும் நம்பினார். அவ்வளவுதான் நடந்தது.

இனி நான் சொல்ல வந்த மூத்த பிள்ளையிடம் வருகின்றேன்.

தமிழ்நாட்டில் எட்டயபுரத்திற்கு அருகே வடமலாபுரம் என்று ஒரு சிற்றூர். கரிசல் மண், வானம் பார்த்த வேளாண்மை. அவ்வூரில் ஓர் உழவர் குடும்பத்தில் 1918 ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், ஐந்து மக்களுள் மூத்தவராகப் பிறந்தவர் கோவிந்தப்ப வெங்கடசாமி. தாளும் எழுதுகோலும் இல்லாத பள்ளியில், ஆற்று மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதிப் படித்தவர். அவர் சிறுவராக இருந்த நாளில் உறவுப் பெண்கள் மூவர் பேறுகால நேரத்தில் உயிர் நீத்தனர். ஊரில் மருத்துவர் இல்லை. தாய்மார்களைக் காக்கும் மருத்துவராக வேண்டும் என்னும் எண்ணம் அந்தத் துயரத்தில் அவருக்கு முளைத்தது.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்று, பின்னர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1944 ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். அங்கேதான் விதி அவர் கையைப் பிடித்தது. கைகால் மூட்டுகளையெல்லாம் வீங்கச் செய்து முடக்கும் கொடிய மூட்டுவாதம் கண்டது. நோய் முற்றிய காலத்தில் எழுந்து நிற்கவும் இயலாமல் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். விரல்கள் திருகிக் கோணின. பாதங்களும் வளைந்தன. நோய் தணிந்து எழுந்தபோது, எழுதுகோலைக்கூடச் செம்மையாகப் பிடிக்க முடியவில்லை. பிரசவம் பார்க்கும் மருத்துவராக வேண்டும் என்ற கனவு அத்துடன் முடிந்தது.

நம்மில் ஒருவர் இந்நிலையில் இருந்தால் என்ன செய்வோம்? மருத்துவத்தை விட்டுவிட்டு, உட்கார்ந்து செய்யும் வேலை ஏதேனும் கிடைக்குமா என்று பார்ப்போம். அதில் தவறும் இல்லை. அவரோ கண் மருத்துவத்தைத் தேர்ந்துகொண்டார். கண் அறுவை என்பது மிகச் சிறிய இடத்தில் கத்தி ஓட்டும் வேலை. கோணிய விரல்களுக்கு ஏற்றவாறு கருவிகளைச் செய்வித்துக்கொண்டு, அவற்றைப் பிடிக்கவும் வெட்டவும் குழந்தை எழுத்துப் பழகுவதுபோல் நாள்தோறும் பழகினார். உளி பிடித்துப் பழகிய கைகள் இங்கே பல உண்டு. புதிதாக உளி பிடித்த முதல் மாதத்தை அவர்கள் நினைத்துப் பார்த்தால் போதும். அவர் பட்ட பாடு விளங்கிவிடும். 1956 ஆம் ஆண்டில் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைக்குத் தலைவராக அவரை அரசாங்கம் அமர்த்தியது. தம் வாழ்நாளில் அந்தக் கைகளால் அவர் செய்த கண் அறுவைகள் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டவை என்பர்.

இவையனைத்தும் ஒரு தனி மனிதரின் மனவுறுதி. இத்தோடு நின்றிருந்தால், வியந்து பாராட்டி விட்டுவிடலாம். என் மனத்தை அதைவிட ஆழமாகத் தொட்டது அவருடைய வீட்டுக் கதைதான்.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. உடன்பிறந்தோரின் படிப்பு, திருமணம், குடும்ப வாழ்வு எல்லாவற்றையும் தம் பொறுப்பாக ஏற்றுக்கொண்டார். மூத்த அண்ணன் தந்தையின் இடத்தில் நிற்பது நம்மிடையே புதிதன்று. தம்பி தங்கையருக்காகப் படிப்பை விட்டு உளியைக் கையில் எடுத்த அண்ணன்மார் நம் தோட்டங்கள்தோறும் இருந்திருக்கின்றனர். ஆயினும் வெங்கடசாமி அவர்கள், வளர்த்து ஆளாக்கிய பின்னர் அவர்களிடம் ஒன்று கேட்டார். தமக்கென ஒரு பிடி சோறோ, முதுமையில் ஒரு பாயோ அவர் கேட்கவில்லை. "என்னோடு வந்து வேலை செய்யுங்கள்" என்பதே அவர் கேட்டதன் பொருள்.

கடைசித் தங்கை நாச்சியார் அவர்கள் மருத்துவம் பயின்றார். தமையனார் சொற்படி கண் மருத்துவத்தையே ஏற்றார். அவருடைய கணவர் நம்பெருமாள்சாமி அவர்களும் கண் மருத்துவரானார். நம்பெருமாள்சாமி அவர்களின் தங்கை விஜயலட்சுமி அவர்களும், அவர்தம் கணவரும் அவ்வாறே. கட்டடத் தொழில் அறிந்த தம்பி சீனிவாசன் அவர்கள் கட்டும் வேலையையும் கணக்கையும் கவனித்தார். இவ்வாறு உடன்பிறந்தவர்களும் சம்பந்திகளும் ஒரே பணியில் தோழர்களாயினர். அரசாங்க மருத்துவமனையில் வேலை பார்த்த காலத்திலேயே ஊர் ஊராகக் கண் சிகிச்சை முகாம்களுக்குச் சென்றவர் அவர். 58 வயதில், 1976 ஆம் ஆண்டில், பணி ஓய்வு பெற்றார். ஓய்வூதியத்தை வாங்கிக்கொண்டு திண்ணையில் அமரவேண்டிய வயதில், மதுரை அண்ணாநகரில் ஒரு வீட்டில், 11 கட்டில்களுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

பணம் ஏது என்று கேட்பீர்கள். வங்கிகள் தயங்கின. சொந்த வீடு அடமானத்திற்குப் போயிற்று. உடன்பிறந்தோர் தம் சேமிப்பைத் தந்தனர். நகைகள் அடகுக்கடை ஏறின. அடகுக்கடையின் படி எவ்வளவு உயரம் என்பதை ஏறியவர்கள் அறிவார்கள். பிள்ளையின் பள்ளிச் செலவுக்காக நகையை எடுத்துக் கொடுப்போம்; முன்பின் அறியாத ஊரார் கண்ணுக்காக எடுத்துக் கொடுப்போமா? அந்தக் குடும்பத்துப் பெண்கள் கொடுத்தார்கள்.

இங்கே என் கருத்தொன்றைச் சொல்லிவிடுகின்றேன். இத்தகைய பெரியவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் ஒருவரையே தூக்கி வைத்துப் பேசிவிட்டு, அவரோடு சுமந்தவர்களை மறந்துவிடுகின்றோம். வெங்கடசாமி அவர்கள் உறவினர் என்பதற்காக எவருக்கும் சலுகை காட்டியவர் அல்லர். உறவினர் என்பதால் கூடுதலாகவே வேலை வாங்கினார். விடியுமுன் தொடங்கும் வேலை. வார இறுதியில் முகாம். வேறு இடங்களில் கிடைத்திருக்கக்கூடிய பொருளைவிடக் குறைவான ஊதியம். இளம் மருத்துவத் தம்பதியருக்கு அது எளிதாக இருந்திருக்குமா? சிறு குழந்தைகளை வீட்டில் விட்டுவிட்டு, அடுத்தவர் பாட்டியின் கண்ணைத் திறக்கப் போனவர் நாச்சியார் அவர்கள். தமையனாரின் மீது அன்பு மட்டும் இருந்திருந்தால் ஓராண்டு தாங்கியிருக்கும். அவர் செய்வது சரியான வேலை என்ற நம்பிக்கையும் சேர்ந்திருந்ததால்தான் வாழ்நாள் முழுவதும் தாங்கியது என்று நான் கருதுகின்றேன்.

மருத்துவமனை நடந்த முறையும் கேட்கத் தக்கது. பணம் கொடுக்க இயன்றவர்கள் கொடுத்தார்கள்; இயலாதவர்களுக்கு இலவசம் அல்லது மிகக் குறைந்த கட்டணம். அறையில் வசதி வேறுபடும். ஆனால் அறுவை செய்யும் மருத்துவர்களும் அவர்கள் காட்டும் கவனமும் இருசாராருக்கும் ஒன்றே. கட்டணம் செலுத்துவோர் தருவதைக் கொண்டே இலவச நோயாளிகளையும் பார்க்கும்படி வேலையை ஒழுங்கு செய்தார்கள். அறுவை அறையில் இரண்டு மேசைகள். ஒன்றில் மருத்துவர் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததில் மற்றொருவரைத் தாதியர் ஆயத்தப்படுத்திவிடுவர். ஒன்று முடிந்ததும் மருத்துவர் திரும்பி அமர்வார்; நேரம் வீணாவதில்லை. அந்தத் தாதியர் யாரென்றால், சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து வந்த பெண்பிள்ளைகள். பள்ளிப் படிப்பை முடித்த அவர்களை அழைத்து, இரண்டாண்டுப் பயிற்சி தந்து, திறமையான பணியாளர்களாக்கியதில் நாச்சியார் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஓர் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு இந்தச் செய்தி தனி மகிழ்ச்சி தருகின்றது.

சிகிச்சை இலவசம் என்று அறிவித்தால் கூட்டம் அலைமோதும் என்று நாம் நினைப்போம். முகாம்களில் அவ்வாறு நடக்கவில்லை. கண்ணைச் சோதித்து, அறுவை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், பலர் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள், மருத்துவமனைக்கு வரவேயில்லை. காரணம் என்னவென்று மருத்துவமனையார் ஆராய்ந்தனர். பேருந்துக் கட்டணம் இல்லை. ஊர் தெரியாத இடத்தில் சாப்பாட்டுக்கு வழியில்லை. துணைக்கு வருபவரின் கூலி போகும். கத்தி என்றால் அச்சம். எல்லாவற்றிற்கும் மேலாக, இந்த வயதில் எனக்கு எதற்கு என்ற எண்ணம். அப்புறம் முறையை மாற்றினார்கள். முகாமிலிருந்தே பேருந்தில் ஏற்றிச் சென்றார்கள், உணவு கொடுத்தார்கள், அறுவை முடிந்ததும் ஊரில் கொண்டுவந்து விட்டார்கள். ஒரே ஊரைச் சேர்ந்தவர்கள் ஒன்றாக அமர்ந்து போனதால் பாதி அச்சம் பேருந்திலேயே தீர்ந்தது. போய் வந்த ஒருவர் அடுத்த முகாமுக்குப் பத்துப் பேரைக் கூட்டி வந்தார்.

இந்தச் செய்தியை முதன்முதலாக நான் படித்தபோது, எங்கள் லயத்தில் வந்து யாரோ கணக்கெடுத்துச் சென்று எழுதியதுபோல் இருந்தது. மதுரைப் பக்கத்துக் கிராமத்துக் கிழவிக்கும் பேராக் தோட்டத்து என் பாட்டியாருக்கும் தடையாக நின்றவை ஒன்றேதான்.

இனி, கண்புரை என்பது என்ன என்பதை ஓரிரு வார்த்தைகளில் சொல்லிவிடுகின்றேன். நம் கருமணிக்குப் பின்னால் கண்ணாடிபோல் தெளிந்த வில்லை ஒன்று இருக்கின்றது. ஒளி அதன் வழியே உள்ளே போய்த்தான் நாம் பார்க்கின்றோம். முட்டையின் வெண்கரு பச்சையாக இருக்கையில் தெளிவாக இருந்து, வெந்தவுடன் வெளுத்துவிடுவதை அடுப்படியில் கண்டிருப்பீர்கள். அதுபோல இந்த வில்லை ஆண்டுகள் செல்லச் செல்ல மங்குகின்றது. வலி இல்லை, சிவப்பு இல்லை. ஆகவேதான் மனிதர் கவனிப்பதில்லை. எதிரே வரும் வண்டியின் விளக்கு சிதறித் தெரியும், நிறங்கள் மங்கும், ஊசியில் நூல் கோக்க முடியாது. இனிப்புநீர் நோய் உள்ளவர்களுக்கு இது சற்று முன்னதாகவே வரக்கூடும். கண்ணில் விடும் எந்தச் சொட்டு மருந்தாலும், எந்தப் பச்சிலைச் சாற்றாலும் மங்கிய வில்லை தெளிவதில்லை. சாறு விட்டுப் புண்ணாக்கிக்கொண்டவர்கள்தாம் உண்டு. மங்கிய வில்லையை எடுத்துவிடுவதே வழி.

முற்காலத்தில் அதனை எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடி போட்டுவிடுவார்கள். அத்தகைய கண்ணாடி அணிந்த பெரியவர்களை உங்களுள் மூத்தவர்கள் கண்டிருப்பீர்கள். கண்கள் ஆந்தையின் கண்களைப்போல் பெரிதாகத் தோன்றும். கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ மீண்டும் இருள். பின்னர், எடுத்த வில்லைக்குப் பதிலாகக் கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லையைப் பொருத்தும் முறை வந்தது. 1949 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஹரோல்ட் ரிட்லி என்னும் மருத்துவர் இதனைத் தொடங்கி வைத்தார். ஆனால் அவ்வில்லையின் விலை ஏழைகள் எட்டிப் பிடிக்கும் விலையாக இல்லை. வெங்கடசாமி அவர்களின் குழுவினர் அதற்கும் சோர்ந்துவிடவில்லை. 1992 ஆம் ஆண்டில் மதுரையிலேயே ஆரோலேப் என்னும் தொழிற்கூடத்தை நிறுவி, அவ்வில்லைகளைத் தாங்களே மிகக் குறைந்த விலையில் செய்யத் தொடங்கினார்கள். அவை இந்தியாவில் மட்டுமின்றி வேறு பல நாடுகளிலும் ஏழைகளின் கண்களுக்குள் போய்ச் சேர்ந்தன.

பதினொரு கட்டிலில் தொடங்கிய அந்த மருத்துவமனை தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி எனப் பல ஊர்களில் கிளைத்தது. வெங்கடசாமி அவர்கள் தம் 87 ஆம் வயதில், 2006 ஆம் ஆண்டு ஜூலை 7 ஆம் நாள் மதுரையில் காலமானார். அவரை இழந்தபோது அந்தக் குடும்பத்தார் அண்ணனையும் இழந்தார்கள், தலைவரையும் இழந்தார்கள். பணியை அவர்கள் நிறுத்தவில்லை. நம்பெருமாள்சாமி அவர்கள் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அடுத்த தலைமுறைப் பிள்ளைகளும் பணியில் சேர்ந்திருந்தார்கள்.

சரி, அது மதுரை. நமக்கென்ன என்று சிலர் நினைக்கக்கூடும். நம் நாட்டிலும் 2014 ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட தேசியக் கண் ஆய்வில், 50 வயதைக் கடந்தவர்களிடையே பார்வையிழப்புக்கு முதற்காரணமாக இருந்தது சிகிச்சை பெறாத கண்புரைதான். சிகிச்சை இல்லாத நாடல்ல நம்முடையது. அரசாங்கச் சுகாதார நிலையத்திற்குச் சென்று கண்ணைக் காட்டினால், கண் மருத்துவ நிபுணர் உள்ள மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள். பணத்தைப் பற்றிய கவலை இருந்தால், பெரிய மருத்துவமனைகளில் உள்ள சமூகநலப் பிரிவினரிடம் மறைக்காமல் சொல்லலாம். அறுவை பெரும்பாலும் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்துதான் நடக்கும். பிறகு சில வாரங்கள் மருந்து விட்டு, கண்ணில் தண்ணீரும் தூசும் படாமல் காத்துக்கொள்ள வேண்டும். புகை சூழ்ந்த அடுப்படியிலிருந்தும் அந்த நாட்களில் விலகியிருப்பது நலம்.

வேலைத்தலத்தில் கண்ணைக் காப்பது பற்றியும் ஒரு சொல். மலைத்தோட்டமாயினும் ரப்பர் தோட்டமாயினும் புல்லுக்கும் பூச்சிக்கும் மருந்து அடிப்பவர்கள் இருக்கின்றீர்கள். ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் அமிலத்தைக் கையாள்பவர்களும் உண்டு. கண்ணில் தெறித்துவிட்டால், வேலையை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று இருக்கவேண்டாம். அந்த இடத்திலேயே தூய நீரைக் கால் மணி நேரமேனும் விடாமல் ஊற்றிக் கழுவிவிட்டு, உடனே மருத்துவரிடம் போங்கள். தாய்ப்பால் விடுவதும் எண்ணெய் விடுவதும் வேண்டாம். பாதுகாப்புக் கண்ணாடி வியர்க்கின்றது என்று கழற்றிச் சட்டைப்பையில் வைக்கும் இளைஞர்களை நானே பார்த்திருக்கின்றேன். அது பைக்கு மட்டுமே பாதுகாப்பு.

இன்று காலை இம்மண்டபத்தில் நடந்ததைச் சொல்லி முடிக்கின்றேன். முதிய தாயார் ஒருவர் சோதனைக்கு வந்தார். இரண்டு கண்களிலும் புரை நன்றாக முற்றியிருப்பதாகத் தாதியார் சொன்னார். ஈப்போவுக்குப் போகவேண்டும் என்றதும் அத்தாயார் சிரித்தார். "இனிமே பாத்து என்னங்கய்யா ஆகப்போவுது? பேரப்பிள்ளைங்க வளந்துட்டாங்க. எனக்குக் குரல் அடையாளம் போதும்" என்றார். நான் அவர் அருகில் அமர்ந்து, என் பாட்டியாரைப் பற்றிச் சற்று முன் உங்களிடம் சொன்னதை அவரிடமும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்துக் கையை நீட்டி, என் முகம் எங்கே இருக்கின்றது என்று தேடினார். பிறகு, "எழுதிக்குங்க" என்றார்.

எழுதிக்கொண்டோம். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு இம்மண்டப வாசலிலிருந்து ஈப்போவுக்கு வாகனம் புறப்படும். அதில் போக இதுவரை ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கின்றார்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே 'உடன் வருபவர்' என்று ஒரு கட்டம் இருக்கின்றது. ஆறு கட்டங்கள் நிரம்பிவிட்டன. அத்தாயாரின் பெயருக்கு எதிரே உள்ள கட்டம் இன்னும் நிரம்பவில்லை. அவருடைய மக்களோ, பேரப்பிள்ளைகளோ, அடுத்த வீட்டாரோ இங்கே அமர்ந்திருக்கக்கூடும். தாதியார் பின்புறத்து மேசையில் நான்கு மணி வரை இருப்பார். எழுதுகோலும் அங்கேயே இருக்கின்றது.